கடற்கரைப் பறவையும் புறவாசல் பூவும்: நெல்லைப் பக்கம் படம் பிடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெல்லைச் சீமை என்று இங்கே சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுவதையும்தான். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் ஒரே நாளில் இரண்டு மாவட்டத்தையாவது தொட்டுவிடுவார். புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, என்னிடம் போன் மட்டும்தான் இருக்கு. தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். பூவுக்கு இன்றைய போன் போதும். லென்ஸைப் பஞ்சுத் துணியால் துடையுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பூவின் முகத்தில் போனை ஒட்டாமல் ஓரடி பின்னால் நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ஒட்டி எடுத்தால் முன்னிதழ் ஊதிப்போய், பின்னிதழ் சுருங்கித் தெரியும். திரையில் மகரந்தத் தண்டைத் தொட்டு ஃபோகஸை அங்கே நிறுத்திவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

பறவைக்குத்தான் போன் எட்டாது. உப்பளத்தில் நிற்கும் கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு கரைப்பறவை போன் படத்தில் ஒரு புள்ளியாகத்தான் விழும். அதற்காக மனம் விட வேண்டாம். நெல்லை டவுன் நயினார்குளத்தில் சாயங்காலம் பறவைகள் அடையும்போது குளம், வானம், பறவைக் கூட்டம் மூன்றும் சேர்ந்த படத்துக்குப் போனின் அகலப் பார்வைதான் சரி.

பூவில் எதை முதலில் எடுப்பது?

உங்கள் வீட்டுப் புறவாசலில் என்ன பூக்கிறதோ அதை. படம் எடுக்கப் பூ வாங்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பூ எந்த நேரத்துக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பூ படத்தில் பாதி வேலை கடிகாரத்தில் இருக்கிறது.

பவளமல்லி இருட்டத் தொடங்கியதும் விரியும், விடியுமுன் உதிரும். மரத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டுமென்றால் வெள்ளென எழுந்து, கிழக்கு வெளுக்கும்போது நிற்க வேண்டும். உதிர்ந்த பூவும் நல்ல படம்தான். பெருக்குவதற்கு முன் குனிந்து பாருங்கள்: காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திருகிய வெள்ளை இதழ்கள், நடுவில் காவி வட்டம், கவிழ்ந்து கிடப்பவற்றில் மேல் நோக்கி நிற்கும் ஆரஞ்சுக் காம்பு. நிமிர்ந்தது ஒன்றும் கவிழ்ந்தது ஒன்றும் ஒரே சட்டத்தில் வந்தால் அந்தப் பூவின் இரு முகமும் வந்துவிடும். கையால் அடுக்காதீர்கள். விழுந்த மாதிரி கிடப்பதில்தான் அழகு இருக்கிறது.

பூவரசு காலையில் மஞ்சள், நடுவில் அரக்குப் பொட்டு. வாடும்போது செம்மை ஏறும். ஒரே கிளையில் இன்று பூத்ததும் நேற்றுப் பூத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு. காலை எட்டு மணிப் பூவுக்கும் மாலைப் பூவுக்கும் நிறைய வித்தியாசம். பிச்சியும் முல்லையும் சாயங்காலத்துக்கு. அதிலும் முழுக்க விரிந்ததைவிட மொக்கு அவிழ்கிற நேரம்தான் படத்துக்கு நல்லது. நந்தியாவட்டை, கனகாம்பரம், சங்குப்பூ எல்லாம் பகல் முழுக்கப் பொறுமையாக நிற்கும், பழகுவதற்கு ஏற்றவை.

வாழை இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். குலை தள்ளிய வாழையில் பூமடல் ஒவ்வொன்றாகத் தூக்கும். அதன் கீழ் இருக்கும் சீப்புப் பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிப்பதைக் காலையில் பார்க்கலாம். பூவும் பறவையும் ஒரே படத்தில் கிடைக்கிற இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நந்தியாவட்டையை எடுத்தால் சுண்ணாம்பு அப்பின மாதிரி வெறும் வெள்ளையாக வருகிறது. ஏன்?

கேமரா பின்னாலிருக்கும் கரும்பச்சை இலையைப் பார்த்து, இடம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. இலை சரியாக வரும், பூ வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்ற பொத்தானில் கழித்தல் 0.7 அல்லது 1 வரை இறக்குங்கள். இதழில் நரம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரியும் வரை இறக்குங்கள். இலை கறுத்தால் கறுக்கட்டும்.

புறவாசலில் இதைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் கடற்கரையில் பாதி வேலை முடிந்தது. கருநீலத் தண்ணீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கும், நாரைக்கும், கரண்டிவாயனுக்கும் இதே கணக்குதான். வெளிச்சமான வானத்தில் பறக்கும் செம்பருந்துக்கு மட்டும் தலைகீழ்: அங்கே கூட்டல் 1 வைக்காவிட்டால் பறவை கரிக்கட்டையாகும். பறவை கண் முன்னால் ஒரு நிமிஷம்தான் நிற்கும். பூ நாள் முழுக்க நிற்கும். அதனால் பூவில் பழகிவிட்டுப் பறவைக்குப் போங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சிவப்புச் செம்பருத்தியில் மடிப்பே தெரியவில்லை.

நேர் வெயிலில் எடுத்திருப்பீர்கள். சிவப்பு சீக்கிரம் வழிந்துவிடும். நிழலில் இருக்கும் பூவை எடுங்கள், அல்லது பூவுக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒருவரை வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். வெளிச்சம் பரவி வரும், மடிப்பு தெரியும்.

ஆனி, ஆடியில் பூ ஒரு நிமிஷம் நிற்கவில்லை. என்ன செய்வது?

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை நட்டிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அதோடு மல்லுக்கட்ட முடியாது. விடிந்து ஒரு மணி நேரம் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், அதைப் பிடியுங்கள். சுவர் மறைவில் இருக்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். ஷட்டர் வேகத்தை 1/500க்கு மேல் வையுங்கள். காற்று இரண்டு வீச்சுக்கு நடுவில் ஒரு நொடி நிற்கும். வரிசையாக ஏழெட்டுப் படம் எடுத்தால் ஒன்று தேறும்.

பின்னால் கொடியில் துணி, தகர ஷெட், தண்ணி டிரம். புறவாசலில் எப்படி நல்ல பின்னணி கிடைக்கும்?

பூவை விட்டுவிட்டு முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள். பூவுக்குப் பின்னால் ஆறேழு அடி வெற்றிடமும், அதற்கப்பால் நிழலான ஒரு சுவரோ வேலியோ இருந்தால் போதும். நீங்கள் ஒரு ஜாண் குனிந்தாலே டிரம் மறைந்து வேப்பமரம் வந்துவிடும். பூ வெயிலிலும் பின்னால் தொழுவத்து நிழலும் இருந்தால் பின்னணி தானாகக் கறுக்கும். கறுப்புத் துணி கட்ட வேண்டியதில்லை.

தேன்சிட்டு தினமும் வருகிறது. ஆனால் படத்தில் கறுப்பாகத்தான் இருக்கிறது.

ஆண் ஊதாத் தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் சாயமல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் விழுந்தால்தான் மின்னும். அது எந்தச் செடிக்கு எந்த நேரம் வருகிறது என்று நான்கு நாள் சும்மா பாருங்கள். பெரும்பாலும் ஒரே சுற்றில்தான் வரும். வெயில் பின்னால் வரும்படி நாற்காலி போட்டு உட்காருங்கள். செம்பருத்திக்கு வரும்போது பூவின் வாய் வழியாகப் போகாமல், அடியில் மூக்கால் துளை போட்டுத் தேனை எடுக்கும். அந்தப் படம் எடுக்க வேண்டுமென்றால் பூவின் முகத்தைப் பார்த்து உட்காராமல் காம்புப் பக்கம் தெரியும்படி உட்கார வேண்டும்.

கடற்கரைப் பறவைக்கு எங்கே போகலாம்?

மணல் கரை மட்டும்தான் கடற்கரை என்று நினைக்க வேண்டாம். பறவை அதிகம் இருப்பது கடலுக்குப் பின்னால் இருக்கும் கழியிலும் (கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கும் இடம்) உப்பளத்திலும்தான். அலை அடிக்கும் கரையில் ஆலா, கடற்காகம், கல்திருப்பி, கரைக்கொக்கு கிடைக்கும். சேறும் ஆழமில்லாத தண்ணீரும் இருந்தால்தான் உள்ளான் கூட்டம்.

எனக்குப் பிடித்தது மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல் மேட்டில் சிலுவைக் கோயில் இருக்கும் ஊர். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு நீண்டு, பின்னால் கழி தேங்கியிருக்கும். தண்ணீர் பதமாக இருக்கும் வருஷத்தில் பூநாரை இறங்கும். தலையைக் கவிழ்த்து, அலகை மேல் கீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். அந்த ரோஸ் நிறம் தின்கிற பாசியிலிருந்தும் சிறு இறால் வகைகளிலிருந்தும் வருவது. கூட்டத்தில் சாம்பலும் வெள்ளையுமாக மங்கலாக நிற்பவை இளம் பறவைகள், அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அலையாத்திச் செடிகளும் சேற்றுத் திட்டும் உண்டு. அங்கிருந்து பழையகாயல், தூத்துக்குடி வரை உப்பளம்தான். பவளக்கால் உள்ளானுக்கு உப்பளத்தை விட்டால் வேறு இடம் இல்லை: அசையாத தண்ணீர், செங்கால், கீழே அதன் நிழல். தெற்கே உவரி, கூட்டப்புளிப் பக்கம் திறந்த கரை. வள்ளம் கரை சேரும் நேரத்தில் செம்பருந்தும் ஆலாவும் வட்டமிடும்.

கடற்கரைக்குப் போகிற வழியில் கூந்தன்குளத்தைத் தவறவிடக் கூடாது. மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில், நெல்லையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டும். ஊரார் பறவைக்காக வெடி போடுவதில்லை. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து பகலில் குளத்தில் கிடக்கும், பொழுது சாய்ந்தால் வயலுக்கு மேயப் போகும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். மழை பொய்த்து மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வராத வருஷம் குளம் காய்ந்து கிடக்கும், அதனால் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரம் என்றால் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனாநதியும் சேரும் இடத்தில், கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் அடையும். 2005இல் பறவைகள் பாதுகாப்புக்கான ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

எந்த மாதம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழியிலிருந்து பங்குனி வரை. வலசை வந்தவை எல்லாம் இருக்கும். பெரும்பாலானோர் தை முடிந்ததும் கேமராவை மூட்டை கட்டிவிடுகிறார்கள். நான் பங்குனியைத்தான் விரும்புவேன். திரும்பிப் போகுமுன் பல உள்ளான்கள் சாம்பல் நிறத்தை விட்டுச் செம்மை ஏறும். கல்திருப்பிக்கு முதுகில் செங்கல் நிறம் வரும். கூந்தன்குளத்தில் அப்போது குஞ்சுகள் இருக்கும்.

காலையா, மாலையா?

எல்லாப் புத்தகமும் காலை என்றுதான் சொல்லும். குளத்துக்கும் புறவாசலுக்கும் அது சரி. நம் கடற்கரைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் கரை கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்தது. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில், நேராகக் கடலுக்கு மேல் எழும்பும். நீங்கள் கரையில் நிற்கிறீர்கள், பறவை அலையோரத்தில் நிற்கிறது, சூரியன் அதற்குப் பின்னால். படத்தில் கறுப்பு உருவம்தான் வரும். உதயத்தில் நிழலுருவமாக ஆலா வேண்டுமென்றால் அது அருமையான நேரம். இறகின் நிறமும் கண்ணின் பொட்டும் வேண்டுமென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். வெயில் நிலத்துப் பக்கத்திலிருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, பறவையின் மேல் விழும். கடலும் அப்போது நல்ல நீலமாக இருக்கும்.

உப்பளத்திலும் கழியிலும் உங்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. காலையில் போனால் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள், மாலையில் அதற்கு எதிர்ப்பக்கம். இடத்துக்கு முதல் தடவை போகும்போது கேமராவைத் தூக்காமல் எந்த வரப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் அந்தப் பயணம் வீணில்லை.

காலை ஒன்பதரைக்கு மேல் உப்பளத்தில் கானல் ஓட ஆரம்பித்துவிடும். தூரத்துப் பறவை நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் கானலைத் தாண்ட முடியாது. அந்த நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு பதநீர் குடிக்கலாம், கிடைக்கிற மாதமாக இருந்தால்.

காற்றின் திசையைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம். பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். மழைக்காலத்துக்குப் பின் வரும் வாடையும் கொண்டலும் கடல் பக்கத்திலிருந்து வீசுகின்றன. அப்போது கரையில் உட்கார்ந்திருக்கும் ஆலாக் கூட்டம் கடலைப் பார்த்து நிற்கும். உங்களுக்கு வால்தான் தெரியும். நேராக நிற்காமல் கரையோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து உட்காருங்கள், முழுப் பறவையும் பக்கத் தோற்றத்தில் கிடைக்கும். கோடையில் மேல்காற்று நிலத்திலிருந்து அடிக்கும்போது எல்லாம் உங்களைப் பார்த்து நிற்கும். வலசைப் பறவை அப்போது குறைவு, மணலும் பறக்கும். ஆனால் கொண்டை ஆலா காற்றில் அசையாமல் நிற்கிற படம் வேண்டுமென்றால் அந்தக் காற்றுதான் வேண்டும்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

அடிக்கணக்கு சொல்ல மாட்டேன். பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? ஒற்றைக் காலில் நின்றது மற்றக் காலையும் ஊன்றிவிட்டதா? கூட்டம் முழுக்க ஒரே பக்கம் நடக்கத் தொடங்குகிறதா? எச்சமிட்டு உடலைத் தாழ்த்துகிறதா? முதல் அறிகுறியிலேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கினால் நீங்கள் நிற்கும் இடம் சரி. தொடங்காவிட்டால் பையப் பின்னால் வாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொசு உள்ளானின் எடை முப்பது கிராம் பக்கம்தான் இருக்கும். அது வடதுருவத்துச் சைபீரியாப் பக்கமிருந்து நம் உப்பளத்துக்கு வருகிறது. சித்திரைக்குள் உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு அவ்வளவு தூரமும் திரும்பிப் பறக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நாம் எழுப்பிவிடும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் பகட்டாக இருக்கும் என்று கல்லெறிகிறவர்களையும் கை தட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அப்படி எடுத்த படத்தை நான் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் யாராவது செய்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கிட்டே கிடைக்க வழி இருக்கிறது, அது உட்காருவது. கழியில் தண்ணீர் வற்ற வற்றச் சேறு தெரியும், உள்ளான் அந்தச் சேற்றின் ஓரத்தைப் பின்தொடர்ந்து நகரும். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் சமதளச் சேற்றில் அதுவே நிறைய இடத்தைத் திறந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதல். எந்தப் பக்கம் நகரும் என்று பார்த்து, அதற்கு முன்னாலேயே போய்த் தரையோடு தரையாக உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் உங்களையும் ஒரு மேடாக எடுத்துக்கொண்டு அவையே கிட்டே வரும். பறவையின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கியிருப்பதால் படமும் வேறு தரத்தில் இருக்கும். பழைய உரச்சாக்கு ஒன்று பையில் இருந்தால் உட்காரச் சௌகரியம்.

கூட்டையும் குஞ்சையும் எடுக்கலாமா?

கூந்தன்குளத்தில் பார்வைக் கோபுரத்திலிருந்தும் சாலையிலிருந்தும் எடுக்கலாம். அங்குள்ள பறவை மனிதருக்குப் பழகியது. ஃப்ளாஷ் வேண்டாம். வேறு எங்கும் கூட்டைத் தேடிப் போகாதீர்கள். உப்பளத்திலும் மணலிலும் ஆட்காட்டி, பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் தரையிலேயே முட்டையிடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. சித்திரை வெயிலில் தாய் எழுந்து நின்றால் முட்டை வெந்துவிடும். ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பி வாருங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊரறியப் போடவும் வேண்டாம்.

என்ன கேமரா வாங்கலாம்?

பறவை மேல் ஆசை நிலைக்குமா என்று தெரியாதவர்கள் பெரிய ஜூம் உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா ஒன்றை, முடிந்தால் பழையதாக, வாங்குங்கள். நிக்கான் பி900 மாதிரியானவை 2000 மி.மீ.க்கு இணையாக எட்டும். நல்ல வெளிச்சத்தில் நிற்கும் பறவைக்குப் போதுமானது, பறப்பதற்கு வேகம் பற்றாது. ஆசை நிலைத்துவிட்டால் லென்ஸ் மாற்றும் கேமராவும் 100-400 அல்லது 150-600 மி.மீ. லென்ஸும். பாடிக்குச் செலவழிப்பதைக் குறைத்து லென்ஸுக்குச் செலவழியுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி இழை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

செட்டிங் என்ன வைப்பது?

ஷட்டர் வேகம், பறவை நின்றால் 1/500 நொடி. மேய்ந்தால் 1/1000. கூழைக்கடா பறந்தால் 1/1250 போதும், சிறகை மெதுவாகத்தான் அடிக்கும். ஆலாவுக்கு 1/2500. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3 முதல் 8. மேனுவலில் இவற்றைப் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்பற்றும் முறையில் இருக்கட்டும். கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். வெள்ளை இறகைப் பின்னால் மீட்க அதில்தான் இடம் உண்டு.

உப்புக் காற்றும் மணலும் கேமராவைக் கெடுக்குமே?

கெடுக்கும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுகுழலால் மணலை ஊதுங்கள், மணல் இருக்கும்போது துடைத்தால் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை. உப்பு காய்ந்து ஒட்டிவிட்டால் லென்ஸின் வளையம் இறுகிப்போகும். மழை மாதங்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி வேண்டாம், அதில் தவிடும் தூசியும்தான் மிச்சம்.

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

உப்பளம் என்றால் கங்காணியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ ஒரு வார்த்தை. வரப்பு மிதிபட்டால் அவர்களுக்கு நஷ்டம். எந்தப் பாத்தியில் இன்று பறவை கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கரைவலை இழுக்கிறவர்களை எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் மறுக்கிறவர் குறைவு. சரணாலயத்தில் வனத்துறையின் சொல்படி. ட்ரோனைப் பறவை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேமராவை வெளியே எடுக்கக் கூடாத இடங்களும் நம் பக்கம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றி, விஜயநாராயணம் கடற்படைத் தளத்தைச் சுற்றி, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகப் பக்கம். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். நீண்ட லென்ஸைக் கண்டால் காவலர் கேட்கத்தான் செய்வார். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கடற்கரையில் பூ உண்டா?

உண்டு. மணல் மேட்டில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும். ஆட்டுக் குளம்பு போல் இரண்டாகப் பிளந்த இலை, ஊதா ரோஸ் பூ. காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடும். உதயத்தில் பறவை நிழலுருவமாகத்தான் கிடைக்கும் என்றேனே, அந்த நேரத்தில் இந்தப் பூவுக்கு வாருங்கள். வயிற்றுப் பக்கம் மணலில் பட, தாழப் படுத்துப் பின்னொளியில் எடுத்தால் இதழ் ஒளிரும், பின்னால் கடல் வரும். கொடியை மிதிக்காதீர்கள், அதுதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. புன்னை பூக்கும் நாளில் கரையோர ஊர்களில் அதையும் பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து.

பெண்கள் தனியாகப் போகலாமா?

கூந்தன்குளம், நயினார்குளம், திருப்புடைமருதூர் எல்லாம் ஆள் நடமாட்டம் உள்ள இடங்கள். உப்பளத்துக்கும் புன்னக்காயல் சேற்றுப் பக்கத்துக்கும் ஆணானாலும் பெண்ணானாலும் இரண்டு பேராகப் போவதே நல்லது. சேற்றில் கால் புதைந்தால் பிடிக்க ஆள் வேண்டும். தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள், உப்பளத்தில் ஒதுங்க ஓர் உடைமரம்கூட இருக்காது.

படத்தைத் திருத்தலாமா?

தொடுவானத்தை நேராக்குங்கள், ஓரத்தை வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். பூநாரையின் ரோஸை ஏற்றாதீர்கள். இல்லாத பறவையை ஒட்டாதீர்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது? ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறதே.

ஒவ்வொன்றிலும் இடம், தேதி, பறவையின் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி உதவும். உள்ளான் வகைகளில் அது சொல்வதை அப்படியே நம்பாமல் கால் நிறம், அலகின் நீளம் இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்படி எழுதியதைப் பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் எந்தக் குளத்தில் எந்த வருஷம் என்ன வந்தது என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் கணக்கெடுக்கிறார்கள், உங்கள் புறவாசலிலேயே பதினைந்து நிமிஷம் நின்று எண்ணி அதில் சேரலாம். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் முன்னின்று நடத்துகிறார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டக் குளங்களுக்கும் குழு குழுவாகப் போவார்கள். புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், பறவை தெரிந்தவர் ஒருவர் கூடவே வருவார். மார்கழி பிறந்ததும் விசாரித்துப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.